பங்கில் சேராத வயர்

அந்த வீட்டைப் பங்கு பிரித்தபோது தூண்களை எண்ணினார்கள். கதவுகளை எண்ணினார்கள். ஊஞ்சல் பலகை யாருக்கு, அதன் சங்கிலி யாருக்கு என்றுகூடப் பேசி முடித்தார்கள். வயரை மட்டும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

கரண்டு வந்த காலத்தில் அது ஒரே வீடு. வயர் இழுத்த ஆள், எது குறுக்கு வழியோ அந்த வழியாகச் சுவரோடு ஓட்டிக்கொண்டு முன்கட்டிலிருந்து பின்கட்டுக்குப் போய்விட்டான். பிறகு பங்காளிகள் ஆளுக்கோர் அறை என்று பூட்டிக்கொண்டார்கள். வயர் பூட்டுக்குள் மாட்டிக்கொண்டது.

காரைக்குடியிலிருந்து குன்றக்குடி போகிற சாலையில் பஸ்ஸை விட்டிறங்கி உள்ளே நடந்தால் அந்தத் தெரு வரும். பாதி வீடுகள் கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் மட்டும் திறக்கிற வீடுகள். இந்த வீட்டில் பின்கட்டில் மட்டும் ஆள் இருந்தது. முத்துராமன், அவர் மனைவி அனுசுயா, படுக்கையாகக் கிடந்த தாயார் சீதை ஆச்சி. மீட்டர் பெட்டி இருந்தது முன்கட்டில். இரண்டுக்கும் நடுவே, வளவு என்கிற திறந்த முற்றத்தை ஒட்டி, உமையாள் ஆச்சியின் அறை.

உமையாள் ஆச்சி, சீதை ஆச்சிக்கு ஓரகத்தி. ஒரு படைப்பன்று இருவருக்கும் வார்த்தை தடித்துப்போயிற்று. எதனால் என்று கேட்டால் இன்றைக்கு இருவருக்குமே சரியாகச் சொல்ல வராது. உமையாள் ஆச்சி அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சென்னைக்கு மகன் வீட்டுக்குப் போனவர்தான். பேச்சு இல்லை, வரவு இல்லை. பூட்டு மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு பங்காளியின் பூட்டை இன்னொரு பங்காளி தொடக்கூடாது. உடைப்பதானால் எல்லோரும் வந்து நிற்க வேண்டும். வளவுச் சுவரில் ஓர் ஆணி அடிப்பதற்கே நாலு ஊருக்குப் போன் போட வேண்டிய வீட்டில், பூட்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும், கண்ணுகளா?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரத்தில், அந்தப் பூட்டிய அறைக்குள் எங்கேயோ வயர் எரிந்துபோனது.

தாஹாவைக் கூப்பிட்டார்கள். அவர் வயரிங்காரர். ஷார்ஜாவில் வானத்தை முட்டுகிற கட்டடங்களில் கேபிள் இழுத்துவிட்டு ஊர் திரும்பியவர். ஒல்லியான ஆள் என்பதால், கேபிள் போகிற நீளப் பொந்துக்குள் அதன் முனையைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்து போகும் வேலை அங்கே அவர் தலையில்தான் விழும். முன்னால் இருட்டு, பின்னால் தன் கால். திரும்பக்கூட இடம் இருக்காது. ஊருக்கு வந்த அன்று மனைவி ஃபர்சானாவிடம் அவர் முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: இனிமேல் படுக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் போடாதே. அந்த வீட்டுக் கதவு அதற்குப் பிறகு வெறுமனே சாத்தித்தான் கிடக்கும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகள்தான் தாஹாவுக்குச் சோறு போட்டன. கோலாலம்பூரிலிருந்து ஒருவர் கூப்பிடுவார்: "தாஹா, சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கு. மோட்டாரைப் பாத்துட்டுப் பூட்டிட்டுப் போயிடுப்பா." இந்தத் தெருக்களில் வயரிங்காரருக்குக் கை சுத்தம்தான் முதல் சாமான். அதற்குப் பிறகுதான் பிளையர்.

அனுசுயா வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அந்தத் தெருவில் கல்யாணமான பெண் யாரானாலும் ஆச்சிதான்; தாஹாவுக்கு அவளும் ஆச்சி.

"நேத்துச் சாயங்காலம் படபடன்னு ஒரு சத்தம் தாஹா. அப்புறம் புகை நாத்தம். முன்கட்டுல லைட்டு எரியுது, எங்க பக்கம் மட்டும் இருட்டு. அத்தைக்கு முதுகெல்லாம் படுக்கைப் புண்ணு. காத்து மெத்தைக்கு மோட்டார் ஓடணும்ல? ராத்திரி பூரா மெத்தை சப்பிப் போயி, கட்டாந்தரையில கெடந்த மாதிரிக் கெடந்தாக."

"முன்கட்டுலருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸு போட்டு இழுக்க வேண்டியதுதானே ஆச்சி?"

"இழுத்தோமே. வளவுல மழைத் தண்ணி நிக்கிது. பாக்ஸு பொறி தட்டி, எங்க வீட்டுக்காரவுக செருப்பக்கூடப் போடாம ஓடிப்போயி மெயினை அமத்துனாக. மறுபடி அந்த வேலை வேணாம்."

உள்ளேயிருந்து சீதை ஆச்சியின் குரல் வந்தது. உடம்பு விழுந்திருந்தாலும் குரல் விழவில்லை. "கரண்டுக்காரனா? வாரானுக, போறானுக! மெத்தை மட்டும் எந்திரிக்க மாட்டேங்குது!"

தாஹா வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தார். அது வளவுத் தாழ்வாரத்தின் உச்சியில் ஓடி, உமையாள் ஆச்சியின் கதவுக்கு மேலே சுவருக்குள் புகுந்து, அந்தப் பக்கம் பின்கட்டில் வெளியே வந்தது. நடுவில் இருந்ததை யாரும் பார்க்க முடியாது.

"இதுக்குள்ளதான் ஆச்சி. உமையாள் ஆச்சிக்கு ஒரு போன் போட்டுச் சாவி கேட்டா?"

"எங்க நம்பரு வந்தா எடுக்க மாட்டாக. அவுக பேரன் கல்யாணமே எங்களுக்குப் பேஸ்புக்குலதான் தெரியும்." அனுசுயா குரலைத் தாழ்த்தினாள். "மேல மாடியில ஒரு பலகை மூடி இருக்கு. அந்தக் காலத்துல ரூமுக்குள்ள சாமான் எறக்குறதுக்கு வச்சது. அதைத் தொறந்து எட்டிப் பாக்கலாம்ல? எட்டிப் பாக்குறது பூட்டைத் தொட்டதாகாதுல்ல?"

"நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும் ஆச்சி."

மூடி தேக்குப் பலகை. தாஹா முக்கி முனகித் தூக்கி, ஒரு குச்சியை முட்டுக் கொடுத்து நிறுத்தினார். டார்ச்சை அடித்தால் கீழே தூசியும் பெட்டகமும் துணி போர்த்திய சாமான்களுமாகத் தெரிந்தன. பக்கவாட்டுச் சுவரில், பழைய நூல் சுற்றிய வயரும் பின்னால் போட்ட பிளாஸ்டிக் வயரும் சேரும் இடம் கரிந்து தொங்கியது. எலி கடித்திருந்தது. நீளக் கம்பு விட்டுப் பார்த்தார், எட்டவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கீழே சீதை ஆச்சி "அம்மா" என்று முனகினார். கத்தியிருந்தால் தாஹா போய்விட்டிருப்பார். முனகியதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது.

மூடிக்கு நேர் மேலே மாடி உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி இருந்தது. தோளில் கிடந்த வயர்ச் சுருளை நாலு மடிப்பாக்கி அதில் கட்டினார். இழுத்துப் பார்த்தார், கொக்கி அசையவில்லை. பையை மாடியிலேயே வைத்துவிட்டு, இடுப்பு வாரில் பிளையரையும் டேப்பையும் டார்ச்சையும் செருகிக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி இறங்கினார். பாதிவரை எல்லாம் சரியாக இருந்தது. பிறகு கொக்கி மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தது. வந்த வேகத்தில் வயர் குச்சியைத் தட்டிவிட, தேக்கு மூடி 'டமார்' என்று விழுந்து அடைத்துக்கொண்டது. தாஹா ஒரு பீங்கான் ஜாடியின் மேல் விழுந்தார்.

கதவுக்கு வெளியே ஓடி வந்த காலடிச் சத்தம் கேட்டது.

"தாஹா! உசுரோட இருக்கீகளா?"

"இருக்கேன் ஆச்சி. ஜாடிதான் போயிருச்சு."

"உள்ளயா இருக்கீக?" அவள் குரல் பாதியில் நின்றுவிட்டது. "ஐயையோ, எட்டித்தானே பாக்கச் சொன்னேன்!"

எழுந்திருக்கப் பார்த்தார். வலது கணுக்கால் சுரீர் என்றது. டார்ச்சை மேலே அடித்தார். மூடி ரெண்டு ஆள் உயரத்துக்கும் மேலே இருந்தது. கதவைத் தள்ளினார். பர்மாத் தேக்கு, யானை மாதிரி நின்றது. சுவரில் ஜன்னல் என்று ஒன்று இல்லவே இல்லை. பூட்டி வைப்பதற்கென்றே கட்டிய அறை அது.

அனுசுயா மாடிக்கு ஓடி மூடியைத் தூக்கிப் பார்த்து, முடியாமல் திரும்ப வந்தாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. "பக்கத்துல ஆளக் கூப்பிட்டா தெரு பூராத் தெரிஞ்சு போகும். இப்புடிச் செய்யலாம். எங்க வீட்டுக்காரவுக திருப்பத்தூர்ல கடையப் பூட்டிட்டு வரட்டும். இருட்டுனப்புறம் மூடியத் தூக்கி ஏணியை எறக்கிருவோம். காதும் காதும் வச்ச மாதிரி ஏறி வந்துருங்க."

"அது வரைக்கும்?"

"கொஞ்சம் பொறுத்துக்கங்க. உள்ள பாயி தலகாணி எல்லாம் கெடக்கும்."

தூசி மணமும் பழைய பட்டுத்துணி மணமும் தாஹாவின் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டன. சுவர்கள் ஒரு விரல் கிட்டே வந்த மாதிரி இருந்தது. ஷார்ஜாப் பொந்தின் காற்று திரும்ப மூக்குக்குள் ஏறியது. கத்தினால் வெட்கம், கத்தாவிட்டால் மூச்சு முட்டும். அப்படி ஒரு நிலையில் அவர் தனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தார்.

"ஆச்சி, மெயினை அமத்துங்க. வந்த வேலையை முடிச்சுர்றேன்."

பெட்டகத்தின் மேல் ஒற்றைக் காலால் ஏறி நின்றார். டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டார். கரிந்ததை வெட்டி, நல்ல செம்பு தெரிகிறவரை உரித்து, முறுக்கி, டேப்பை இறுக்கிச் சுற்றினார். வேலை செய்யும் வரைக்கும் சுவர்கள் இருந்த இடத்தில் இருந்தன.

"போடுங்க ஆச்சி!"

பின்கட்டில் 'குர்ர்' என்று மோட்டார் முனகியது. "அடியே! மெத்தை மூச்சு விடுதுடி!" என்றார் சீதை ஆச்சி. அந்தச் சத்தம் கதவைத் தாண்டி வந்தது. தாஹாதான் கதவைத் தாண்டிப் போக முடியவில்லை.

சுவரில் ஒரு கறுப்புச் சுவிட்ச் இருந்தது. தட்டினார். அத்தனை காலம் கழித்து ஒரு குண்டு பல்பு மஞ்சளாக விழித்துக்கொண்டது. அப்போதுதான் தரையைப் பார்த்தார். தூசி, ஒரு சேலை விரித்த மாதிரி சுருக்கமில்லாமல் கிடந்தது. அதன் நடுவில் உடைந்த ஜாடி. அங்கிருந்து தொடங்கி அவர் காலடித் தடம். கதவிலிருந்து வந்த தடம் இல்லை. வானத்திலிருந்து ஒருவன் விழுந்து நடந்த மாதிரி இருந்தது.

ராத்திரி ஏணியில் ஏறி வெளியே போய்விடலாம், சரி. இந்தத் தடத்தை யார் கூட்டுவது? ஜாடியை யார் ஒட்டுவது? என்றைக்காவது உமையாள் ஆச்சி வந்து திறப்பார். யாரைக் கேட்பார்? வீட்டில் இருக்கிற அனுசுயாவைத்தான் கேட்பார். அனுசுயா எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பாள்? தாஹாவின் பேரைச் சொல்லுகிற நாள் வரும். அதற்குப் பிறகு இந்தத் தெருவில் எந்த வாட்ச்மேன் அவர் கையில் சாவியைக் கொடுப்பான்? சொல்லாமலே போனாலும், ஏணியில் ஏறுகிறபோதே, தான் திருடன் மாதிரித்தான் ஏற வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"ஆச்சி, சென்னை ஆச்சி நம்பரச் சொல்லுங்க."

வெளியே அனுசுயாவின் வளையல் சத்தம் கதவை விட்டு நகர்ந்தது.

"ஆச்சி?"

"வேணாம் தாஹா. கோர்ட்டு கேஸுன்னு கெளம்பிருவாக. எங்களை வெளிய போகச் சொல்லிருவாக."

"தெரு சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிர்றேன். எறங்குனது நான்தானே? அதை அப்படியே சொல்றேன்."

அனுசுயா பின்கட்டுக்குப் போய்த் திரும்பி வந்தாள். பிறகு காலண்டர் ஓரத்தில் எழுதி வைத்திருந்த நம்பரைப் படித்தாள். எடுக்காத நம்பரை எதற்கு எழுதி வைத்திருந்தாள் என்று தாஹா கேட்கவில்லை.

போனை எடுத்தால் அது சாகிற நிலையில் சிவப்பாக மின்னியது. சார்ஜரோ அவர் வீட்டில். கதவின் கீழ் மூலையில் எலி கொறித்த ஒரு சந்து இருந்தது. படுக்கைவாட்டில் ஒரு விரல் நுழையும். சார்ஜர் தலை நுழையாது. தலையை வெளியே பிளக்கில் மாட்டிக்கொண்டால் வயர் மட்டும் நுழையும்.

"என்ன பின்னு?" என்றாள் அனுசுயா.

"பழைய போனு. சின்னப் பின்னு."

அவள் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து தரையில் கவிழ்த்தாள். எந்த வீட்டிலும் இருக்கும் அந்த டின். போன் போய்ச் சேர்ந்திருக்கும், வயர் இருக்கும். ரேடியோ உடைந்து காயலான் கடைக்குப் போயிருக்கும், அதன் வயர் மட்டும் பத்திரமாக இருக்கும். சந்துக்குள் முதலில் ஓர் ஊசி மாதிரிப் பின் வந்தது.

"இது பட்டன் போனோடது ஆச்சி."

அடுத்து சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று தலையோடு ஒன்று எட்டிப் பார்த்தது.

"இது டிவிக்கும் டெக்குக்கும் போடுறது. என் போனுல படமா ஓட்டப் போறேன்?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பிணைஞ்சு கெடக்கு. ராத்திரியில குட்டி போடுமோ என்னமோ." அவள் ஒரு பெரிய சதுரப் பின்னைத் தள்ளினாள். அது எதற்கு என்று இருவருக்குமே தெரியவில்லை. அடுத்தது முத்துராமன் போனுடையது, தட்டையாக, புதுசாக. நுழைய மாட்டேன் என்றது. கொசு அடிக்கிற பேட்டுக்குரியது கட்டையாக இருந்தது. ஊரில் இத்தனை வகை வயர் இருக்கிறது, ஒரு மனுஷன் வெளியே வர ஒன்றுகூட உதவவில்லை என்று தாஹாவுக்கு அழுகையும் சிரிப்புமாக வந்தது.

கடைசியில் சீதை ஆச்சிக்கு ரத்தக் கொதிப்புப் பார்க்கிற மெஷினின் வயர் வந்தது. அது பொருந்தியது.

வயர் முழ நீளம்தான் உள்ளே வந்தது. கன்றுக்குட்டியை முளையில் கட்டிய மாதிரி, தாஹா கதவோரம் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டு போனைக் காதில் வைத்தார்.

"யாரு? லோன் எதுவும் வேணாம்." குரல் வெடுக்கென்று இருந்தது.

"லோன் இல்ல ஆச்சி. நான் காரைக்குடி தாஹா, வயரிங். உங்க ரூமுக்குள்ளருந்து பேசுறேன்."

"எந்த ரூமு?"

"ஊர்ல, பூட்டுன ரூமு."

"பூட்டை உடைச்சுட்டாகளா?"

"பூட்டு அப்படியே இருக்கு ஆச்சி."

"அப்புறம் நீ எப்புடிப்பா உள்ள இருக்க? பல்லியா நீயி?"

அவர் சொன்னார். வயர் எரிந்தது, மூடி, கொக்கி, விழுந்தது எல்லாம் சொன்னார். யார் உள்ளே போகச் சொன்னது என்று ஆச்சி கேட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் அனுசுயா மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பது தாஹாவுக்குத் தெரிந்தது.

"எட்டிப் பாக்கச் சொன்னாக. எறங்குனது நான்." நகத்தால் தரைத் தூசியைக் கீறினார். "ஆச்சி, உங்க பீங்கான் ஜாடி ஒண்ணு உடைஞ்சுருச்சு."

"நீலப் பூப் போட்டதா?"

"ஆமா ஆச்சி."

"அது ஏற்கெனவே விரிசல் விட்டது. விரிசலைச் சுவத்துப் பக்கம் திருப்பி வச்சதே நான்தான்." கொஞ்சம் பொறுத்து ஆச்சி கேட்டார், "அப்புடி என்ன அவசரம்? ஒரு நாளு கரண்டு இல்லாட்டி என்ன?"

"பெரியாச்சி படுக்கையில இருக்காக. படுக்கைப் புண்ணு. காத்து மெத்தைக்குக் கரண்டு வேணும்."

போன் செத்துவிட்டதோ என்று தாஹா எடுத்துப் பார்த்தார். சாகவில்லை.

"சீதை படுத்துட்டாளா?" என்றார் உமையாள் ஆச்சி. "என்கிட்ட யாரும் சொல்லலயே."

அந்த நேரம் பின்கட்டிலிருந்து ஒரு கத்தல் கிளம்பியது. "அனுசுயா! அங்குட்டு யாருகிட்டடி குசுகுசுங்குற? ஒரு வாய் காப்பி கெடைக்குமா, இல்ல அதுக்கும் கரண்டுக்காரன் வரணுமா?"

சென்னை வரைக்கும் அது கேட்டிருக்க வேண்டும். "திட்டுறாளே," என்றார் உமையாள் ஆச்சி. "அப்ப நல்லாத்தான் இருக்கா." உடனே பேச்சை மாற்றினார். "சரி, நீ எப்புடி வெளிய போவ?"

"தெரியல ஆச்சி. சாவி உங்ககிட்ட, நீங்க சென்னையில."

"நானே இங்க வெளிய போகத் தெரியாமத்தான் கெடக்கேன். பதினோராம் மாடி. கதவுக்கு நம்பர் பூட்டு. மகன் அடிக்கடி நம்பரை மாத்துறான். வெளிய போயிட்டா உள்ள வரத் தெரியாது. அதனால போறதே இல்ல." ஆச்சி தொண்டையைச் செருமிக்கொண்டார். "கேளு. பூட்டுக்கு ரெண்டு சாவி. ஒண்ணு என்கிட்ட. இன்னொண்ணு தொலைஞ்சுறக் கூடாதுன்னு பத்திரமா வச்சேன்."

"எங்க ஆச்சி?"

"அந்த ரூமுக்குள்ளதான்."

தாஹாவின் மூக்கு வழியாகச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்கிறியா? பூட்டுன ரூமைவிடப் பத்திரமான எடம் எது? நீ சொல்லு பாப்பம். படத்தைப் போடு. நீ நடக்குறதை நான் பாக்கணும்."

வீடியோவைப் போட்டு, வயரிலிருந்து போனைப் பிடுங்கினார். சார்ஜ் மூன்றே புள்ளி ஏறியிருந்தது. நொண்டி நொண்டி நடந்தார். கையில் ஆச்சியின் சின்ன முகம் அதட்டிக்கொண்டே வந்தது. "அங்குட்டு இல்ல, இங்குட்டு. அந்தத் துணியத் தூக்காத. அது என் கல்யாணச் சாமான். பெட்டகத்துக்குப் பின்னால நீல டிபன் கேரியர் இருக்கா? கடைசி அடுக்கு." எனாமல் கேரியரின் கடைசிக் கிண்ணத்தில், மஞ்சள் துணியில் சுற்றி, உள்ளங்கை நீளச் சாவி இருந்தது. தாஹா அதைக் கேமராவுக்கு முன் பிடித்தார்.

"கெடைச்சுருச்சுல்ல? அதை நீ…" என்றார் ஆச்சி. போன் அணைந்தது.

தாஹா கதவுக்குத் திரும்பினார். "சாவி கெடைச்சுருச்சு ஆச்சி."

"உங்க அல்லா காப்பாத்துனாரு. சந்து வழியாத் தள்ளுங்க. சீக்கிரம்!" அனுசுயாவின் விரல்கள் சந்துக்குள் வந்துவிட்டன.

சாவியின் இரும்பு உள்ளங்கையில் சில்லென்று இருந்தது. தள்ளிவிட்டால் அடுத்த நிமிஷம் காற்று. அவருக்கு அந்தக் காற்று அவ்வளவு வேண்டியிருந்தது. ஆனால் ஆச்சி என்ன சொல்ல வந்தார்? அதை நீ வெளியே கொடு என்றா, கொடுக்காதே என்றா?

"கொஞ்சம் இருங்க ஆச்சி. போன் உசுரு வரட்டும். அவுக சொல்லி முடிக்கல."

"சாவியக் கையில வச்சுக்கிட்டா உள்ள இருக்கீக? கிறுக்கா உங்களுக்கு?"

"இருக்கலாம் ஆச்சி."

போனை மறுபடி அந்த முழ வயரில் மாட்டி வைத்துவிட்டு, கதவில் சாய்ந்து உட்கார்ந்தார். பூட்டு வெளியே, சாவி கையில், நடுவில் ஒரு பலகை. பூட்டு மட்டும் அடைத்திருந்தபோது இருந்ததைவிட இது கொடுமையாக இருந்தது. இப்போது தன்னைத் தானேதான் அடைத்துக்கொண்டிருந்தார். மாலைத் தொழுகைக்கு அழைக்கிற அஸர் பாங்கு தூரத்தில் மழைக்குள் நனைந்து வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மோட்டாரின் 'குர்ர்' சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். மெத்தை ஏறியது, இறங்கியது. அதோடு சேர்ந்து அவரும் மூச்சு விட்டார்.

போன் விழித்ததும் அவர் கூப்பிடுவதற்கு முன் ஆச்சியே கூப்பிட்டார்.

"குடுத்துட்டியா?"

"இல்ல ஆச்சி. நீங்க சொல்லி முடிக்கலயே."

"உள்ளயா இருக்க இன்னும்? சரி. கேட்டுக்க. அந்த வயர் என் ரூமு வழியாப் போகலாம். சீதைக்குக் காத்துப் போகட்டும். சாவி போகக்கூடாது. அவ மருமக கைக்கு ஒரு நிமிஷம்கூட என் சாவி முழுசாப் போகக்கூடாது. எப்புடித் தொறப்பியோ, அது உன் பாடு."

கதவுக்கு அந்தப் பக்கம் அனுசுயா அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

தாஹா யோசித்தார். கொக்கியோடு விழுந்த வயர்ச் சுருள் தூசியில் கிடந்தது. அதன் ஒரு முனையைச் சாவி வளையத்தில் கோத்து முறுக்கினார். மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். சாவியைப் படுக்கைவாட்டில் சந்து வழியாகத் தள்ளினார். "ஆச்சி, கோவிச்சுக்காதீக. கட்டித்தான் அனுப்புறேன்."

வயர் அவர் கையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போனது. நின்றது. பூட்டுக்குள் இரும்பு திரும்புகிற சத்தம் கேட்டது. முதலில் வரவில்லை. அனுசுயா எண்ணெய் கொண்டுவந்து விட்டாள். பிறகு வந்தது.

கதவு திறந்தபோது மழை வெளிச்சம் முகத்தில் அடித்தது. அனுசுயா கையில் சாவி. சாவியிலிருந்து சிவப்பு வயர். வயரின் மறுமுனை தாஹாவின் மணிக்கட்டில். இருவரும் அப்படியே ஒரு நொடி நின்றார்கள். அவள் கண் கலங்கியிருந்தது. "நாய்க்குக் கட்டுற மாதிரிக் கட்டியிருக்கீக," என்றாள்.

"கட்டியிருக்குறது என்னைத்தான், ஆச்சி," என்றார் தாஹா.

ஜாடித் துண்டுகளைக் கூட்டி ஓர் ஓரமாக வைத்தார். பல்பை அணைத்தார். ஆச்சி போனில் பார்த்துக்கொண்டிருக்க, கதவைச் சாத்திப் பூட்டி இழுத்துக் காட்டினார். "சாவி உன்கிட்டயே இருக்கட்டும்," என்றார் உமையாள் ஆச்சி. "மறுபடி வயர் எரிஞ்சா நீதானே வரணும்?"

"ஆச்சி, எனக்கு எதுக்கு இது? உங்களுக்கு கூரியர்ல…"

"சாவி கைக்கு வந்தப்புறமும் உள்ளயே உக்காந்திருந்தவன் நீ. வேற யாருகிட்டக் குடுக்கச் சொல்ற?"

போன் வைக்கப்பட்டது. அனுசுயா காலியான டின்னில் வயர்களை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இவர் பக்கம் பார்க்கவில்லை. உள்ளேயிருந்து சீதை ஆச்சி கேட்டார், "சாவி யாருகிட்ட?"

"என்கிட்ட, பெரியாச்சி."

"கெட்டுது போ. அவகிட்ட இருந்தா சண்டை போடலாம். உன்கிட்ட இருந்தா நான் யாரோட சண்டை போடுறது?" சற்று நேரம் கழித்து, மெதுவாக, "என்னைப் பத்திக் கேட்டாளா?" என்றார்.

"நீங்க திட்டுனதைக் கேட்டாக. நல்லாத்தான் இருக்கான்னு சொன்னாக."

சீதை ஆச்சி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மெத்தை அவரை மெல்லத் தூக்கி, மெல்ல இறக்கியது.

வண்டியை உதைத்துக் கிளப்பும்போதே தாஹாவுக்குச் சட்டைப் பை கனத்தது. குன்றக்குடி சாலைக்கு வருமுன் போன் அடித்தது. "நல்லா இழுத்துப் பாத்தியா? ஒரு தடவையா, ரெண்டு தடவையா?" காரைக்குடிக்குள் நுழையும்போது மறுபடி. "அந்த நீலக் கேரியரை மூடி வச்சியா? நாளைக்கு அந்தப் பக்கம் போனா பூட்டைப் படம் பிடிச்சு அனுப்பு." சரி ஆச்சி, சரி ஆச்சி என்றார். வேறென்ன சொல்வது? பதினோராம் மாடியில் வெளியே போகத் தெரியாமல் உட்கார்ந்திருப்பவரிடம் போய், என்னை விட்டுவிடுங்கள் என்று எப்படிச் சொல்வது?

வீட்டுக்கு வந்து சாவியை வைக்க இடம் தேடினார். அலமாரியில் வைத்தார், எடுத்தார். அரிசி டின்னுக்குள் வைத்தார், எடுத்தார். ஃபர்சானா இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள். "யாரு வீட்டுச் சாவி அது? இந்தப் பாடு படுறீக?"

எல்லாவற்றையும் சொன்னார். அவள் வெந்நீர் வைத்துக் கணுக்காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். படுக்கப் போகும்போது வழக்கம்போலக் கதவை வெறுமனே சாத்திவிட்டு வந்தாள்.

தாஹா தலையணைக்கு அடியில் கையை விட்டுச் சாவியைத் தொட்டுப் பார்த்தார். புரண்டு படுத்தார். திரும்பவும் தொட்டுப் பார்த்தார்.

"ஃபர்சானா," என்றார். "தாழ்ப்பாளைப் போட்டுட்டு வந்துரு."